முத்திருளனும் ராஜ மச்சமும்

முத்திருளன் எங்கள் மாட்டாஸ்பத்திரிக்கு முதன்முதலில் வந்தது வைத்தியம் பார்க்க அல்ல, சர்டிபிகேட் வாங்க. எழுபத்தாறாம் வருடம், மாசி மாதம். திருமங்கலத்துக்கு மேற்கே இருந்த ஒரு சின்ன கால்நடை மருந்தகத்தில் நான் அப்போது கம்பவுண்டர். வாசலில் சினை நிற்காத எருமைகளும் கழிச்சல் கண்ட ஆடுகளும் வரிசையில் நின்றன. அவன் வரிசையைப் பார்க்கவே இல்லை. சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையும் பவுடர் அப்பிய கழுத்துமாக நேரே உள்ளே வந்துவிட்டான். கையில் ஒரு சங்கிலி, அதன் மறுமுனையில் ஒரு பெட்டை வேட்டை நாய்.

நாயைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஒடுங்கிய முகம், வில்லாக வளைந்த முதுகு, உள்ளே ஏறிய வயிறு. விலா எலும்பை எண்ணிவிடலாம், அவ்வளவு மெல்லிய தோல். சாம்பல் கலந்த வெள்ளை நிறம். கூட்டத்தைக் கண்டு குரைக்காமல், காதை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றது. சங்கிலியின் இரண்டு முனைகளில் எது மரியாதை தெரிந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

“டாக்டரய்யா, இது சாதா நாயி இல்ல. மலையில எஸ்டேட்டு வச்சிருந்த தொரையோட கிரேஹவுண்டு ரத்தம். பேரு ராணி. ஒடம்புல அஞ்சு மச்சம் இருக்கு, அம்புட்டும் ராஜ மச்சம். இதையெல்லாம் எழுதி சீல் வச்சுக் குடுத்தீங்கன்னா பிரேம் போட்டு மாட்டிருவேன்.”

டாக்டர் சாம்பசிவம் மதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர். அதிகம் பேச மாட்டார். நாயை மெதுவாகப் புரட்டிப் போட்டு அடிவயிற்றையும் தொடையிடுக்கையும் தடவிப் பார்த்தார். பிறகு இடுக்கியை எடுத்து ஒரு ‘மச்ச’த்தைப் பிடுங்கித் தட்டில் போட்டார். அது எட்டுக் காலையும் விரித்துக்கொண்டு நகர்ந்தது.

“உண்ணி. உங்க அஞ்சாவது மச்சம் நடக்கறது, பாருங்கோ” என்றார்.

எருமைக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு நாயை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பான். முத்திருளன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, “சரி, அப்ப நாலுன்னு எழுதுங்க” என்றான்.

டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்காக அவன் சொல்லித் திரிவதை நிறுத்தவும் இல்லை.

அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு அதிக நாள் ஆகவில்லை. அந்த வட்டாரத்தில் எந்த டீக்கடையிலும் அவனே சொல்லிவிடுவான். சொல்லாமல் விட்டதை ஊரார் சொல்லிவிடுவார்கள். அவன் வீட்டோடு மாப்பிள்ளை. நாலு ஏக்கரும் ஒரு கிணறும் மனைவி சீனியம்மாளுடைய அப்பா கொடுத்தவை. பருத்தி போடுவது, களை எடுப்பது, தண்ணீர் இறைக்கக் கமலை ஓட்ட ஆள் பிடிப்பது, மூட்டையைத் திருமங்கலத்துக்கு ஏற்றுவது எல்லாம் சீனியம்மாள்தான். அவனுக்கு இருந்த வேலை காலையில் ஒரு சட்டை, மாலையில் ஒரு சட்டை மாற்றுவது.

கிணறு இரண்டு கோடையாக வற்றிக் கிடந்தது. சீனியம்மாள் ஆள் வைத்து வெடி போட்டு, பாறையை உடைத்து, தானும் கல் சுமந்து பத்தடி ஆழப்படுத்தினார். ஊற்று திறந்தது. அதே வாரம் முத்திருளன் அலங்காநல்லூர்ப் பக்கம் காளை என்ற ஒருவனிடம் ஒரு கறவை மாட்டைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இந்த நாயைப் பிடித்து வந்திருந்தான். மாடும் சீனியம்மாளுடையதுதான். மாட்டைக் காணோமே என்று அவர் தேடிக்கொண்டிருந்தபோது, இவன் கிணற்று மேட்டில் நின்று ஊரைக் கூட்டி, “தண்ணி எதனால வந்துச்சு? ராணி வயித்து மச்சத்தால வந்துச்சு!” என்றான். கல் சுமந்தவருடைய கையில் கொப்புளம் இன்னும் காயவில்லை.

இந்தக் கதையை ஊர் நம்பியது என்பதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல். பத்தடி பாறையை உடைத்தால் தண்ணீர் வரும் என்று நம்புவதைவிட, நாயின் வயிற்றில் இருக்கும் ஒரு கறுப்புப் புள்ளியால் வரும் என்று நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், மாட்டுக்குப் பல் பார்க்கப் போகிறவர்கள் என்று ஒவ்வொருவராக வந்து, வாசல் வெயிலில் நாயை மல்லாத்தி, அடிவயிற்றில் விரலை வைத்துவிட்டுப் போனார்கள். முத்திருளன் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கும்.

எழுபத்தொன்பதாம் வருடம் ஐப்பசியில், மாடுகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பூசி போட அந்த ஊருக்குப் போனேன். வேலை முடிந்து கை கழுவத் தண்ணீர் கேட்டு அவன் வீட்டுக்குப் போனபோதுதான் ராணியை மறுபடியும் பார்த்தேன். அடிவயிற்றில் முடியில்லாத இடத்தில் இருந்த அந்தக் கறுப்புப் புள்ளி கட்டியாகிவிட்டிருந்தது. கொட்டைப்பாக்கு அளவு, சிவப்பும் கறுப்புமாக. உச்சியில் புண். அதன்மேல் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். நாய் நக்கி நக்கிச் சந்தனத்தை அழித்துவிடுகிறது என்று, உழவு மாட்டுக்குப் போடும் வாய்க்கூட்டைச் சின்னதாகப் பின்னி அதன் வாயில் மாட்டியிருந்தான்.

“இது மச்சம் இல்லைங்க. கட்டி. விட்டா பெருசாகும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க, டாக்டர் அறுத்து எடுத்துருவாரு” என்றேன்.

“கம்பவுண்டர் சார், நீங்க மாட்டுக்கு ஊசி போட வந்தீங்க. போட்டாச்சா? கெளம்புங்க. மச்சம் வளருதுன்னா ராசி வளருதுன்னு அர்த்தம். இதெல்லாம் படிச்சவுகளுக்கு வெளங்காது.”

சீனியம்மாள் செம்பில் தண்ணீரோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். நான் கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

“சார், போன மாசம் இவரு கழுத்துல மொளகு தண்டி ஒரு மரு வந்துச்சு. என்ன செஞ்சாருங்கிறீங்க? விடிஞ்சதும் மொத பஸ்ஸப் புடிச்சு மதுரைக்கு ஓடுனாரு. பெரிய டாக்டருகிட்டக் காட்டி, அதை எடுத்துப்போட்டுட்டு, ஒரு வாரம் கழுத்துல துணியச் சுத்திக்கிட்டுப் பால் சோறுதான் எறங்கும்னு கெடந்தாரு. அவருக்கு வந்தா அது மரு. அந்த வாயில்லாச் சீவனுக்கு வந்தா ராஜ மச்சமா?”

“கூட்டிக்கிட்டு வாங்கம்மா” என்றேன்.

“வாரேன் சார். அவரு இல்லாத நாளாப் பாத்து வாரேன்.”

அந்த நாள் அடுத்த சித்திரையில் வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க முத்திருளன் இரண்டு செட் சலவைத் துணியோடு மதுரைக்குப் போய்விட்டான். எந்த பஸ்ஸிலும் நாயை ஏற்ற மாட்டார்கள் என்று சீனியம்மாள் மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு, சாக்கு விரித்து, ராணியைப் படுக்கவைத்துக் காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். கட்டி இப்போது எலுமிச்சம்பழ அளவில் தொங்கியது. ரத்தம் கசிந்து சாக்கு நனைந்திருந்தது. வாய்க்கூட்டை வரும் வழியிலேயே கழற்றி எறிந்துவிட்டாராம்.

டாக்டர் நாயின் உடம்பு முழுக்க விரலால் தடவிப் பார்த்தார். விலாப்பக்கம் இன்னொரு கட்டி இருந்தது. தொட்டால் தோலுக்கடியில் வழுக்கி ஓடியது. “இது வெறும் கொழுப்பு. ஒண்ணும் பண்ணாது, இருந்துட்டுப் போகட்டும். வயித்துல இருக்கறதுதான் பொல்லாதது. வெள்ளைத் தோல் நாய் வெயில்ல மல்லாந்து கிடந்தா இந்த மாதிரி வரும்” என்றார்.

நாலு வருடமாக ஊரே சேர்ந்து அதை வெயிலில் மல்லாத்தி வைத்திருந்தது என் நினைவுக்கு வந்தது.

“இன்னொண்ணும் சொல்லணும்மா. இந்த ஜாதி நாய்க்கு உடம்புல கொழுப்பே கிடையாது. முழு மயக்கம் கொடுத்தா சில சமயம் எழுந்திருக்காது. கட்டியைச் சுத்தி மட்டும் மரக்கிறதுக்கு ஊசி போடறேன். யாராவது ஆடாம பிடிச்சுக்கணும்.”

“நான் புடிச்சுக்கிறேங்க” என்றார் சீனியம்மாள்.

முக்கால் மணி நேரம் ஆனது. நாயின் தலையை மடியில் வைத்து, ஒரு கையால் கண்ணை மூடி, மறு கையால் முன்னங்கால்களைச் சேர்த்துப் பிடித்திருந்தார். தோல் காகிதம்போல இருந்ததால் தையல் ஊசியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கிழிந்துவிடுமோ என்று டாக்டருக்கே வேர்த்தது. ராணி இரண்டு தடவை முனகியது. “ஆச்சு புள்ள, ஆச்சு. இந்தா முடிஞ்சிரும்” என்று சீனியம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தார். பதினோரு தையல். அறுத்தெடுத்த கட்டியைப் பார்மலின் ஊற்றிய புட்டியில் போட்டு, மறுநாளே பரிசோதனைக்கு மெட்ராசுக்கு அனுப்பிவிட்டோம்.

நாலாம் நாள் முத்திருளன் வந்தான். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன்.

“யாரைக் கேட்டு அறுத்தீங்க? எங் குடும்பத்து ராசிய அறுத்துப்புட்டீங்களே! நாளைக்குக் கெணத்துல தண்ணி வத்துனா நீங்களா எறைப்பீங்க?”

கத்தினான், மேசையைக் குத்தினான். நாய் எப்படி இருக்கிறது, பிழைக்குமா, தையல் எப்போது பிரிப்பார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்திக் களைத்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சரி, போனது போச்சு. அந்த மச்சத்தையாவது எங்கிட்டக் குடுத்துருங்க” என்றான்.

அந்தக் கணத்தில் அவன்மேல் எனக்கு இருந்த இளக்காரம் மொத்தமும் ஒன்றாகத் திரண்டு நின்றது. ‘மெட்ராசுக்குப் போய்விட்டது’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முந்தின வாரம் ஒரு கன்றுக்குட்டியின் காதிலிருந்து அறுத்த மரு ஒன்று அலமாரியில் ஒரு புட்டியில் கிடந்தது. பூக்கோசு மாதிரி இருக்கும். அதை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

முத்திருளன் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

வீட்டில் அவன் அதைச் சாமி படங்களுக்கு நடுவில் வைத்து விளக்கேற்றப் போனானாம். சீனியம்மாள் தடுத்துவிட்டார். “நாய் இங்கதான் இருக்கும். இந்தப் பாட்டிலு இந்த வீட்டுல இருக்காது. உங்களுக்கு எது வேணுமோ அது கூடப் போய் இருங்க” என்றிருக்கிறார். அவன் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு கிடந்துவிட்டு, சட்டைகளையும் புட்டியையும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். சமாதானம் பேச யாரும் வருவதற்குள் பருத்தி எடுப்பு வந்துவிட்டது, சீனியம்மாளுக்கு அவனைப் பற்றி யோசிக்க நேரம் இல்லை.

மெட்ராசிலிருந்து கடிதம் வந்தது. கெட்ட கட்டிதான், ஆனால் வேர்விடும் முன் முழுதாக எடுத்தாகிவிட்டது, மறுபடி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். டாக்டர் அதைச் சீனியம்மாளுக்கு ஒருமுறைதான் விளக்கினார். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் அவர் ராணியைக் குளிப்பாட்டி, கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஓரங்குலம் விடாமல் தடவிப் பார்ப்பார். கட்டாந்தரையில் வெயில் காயவிடாமல் வேப்பமரத்தடியில் ஒரு சாக்குக் கட்டிலும் போட்டார். எண்பத்திரண்டில் பச்சைப்பயறு அளவில் இன்னொன்று வந்தபோது, வந்த வாரத்திலேயே வண்டியைப் பூட்டிவிட்டார். இரண்டே தையலில் முடிந்தது.

கிணறு வற்றவில்லை.

முத்திருளனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். இப்படிப்பட்டவர்கள் கெட்டு அழிவார்கள் என்று நானும் கொஞ்ச நாள் காத்திருந்தேன். அவன் உடம்பு போட்டான். அண்ணன் வீட்டு வாசலில் அதே மடக்கு நாற்காலி, பக்கத்தில் முக்காலி, முக்காலியில் புட்டி. துரை வீட்டு கிரேஹவுண்டின் ராஜ மச்சம் என்று தேடிவந்து கும்பிட்டுப் போகிறவர்கள் முன்னைவிட அதிகமானார்கள். நாயைப்போல அது முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை அல்லவா?

வருடத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வருவான். “கம்பவுண்டர் சார், தண்ணி கொறஞ்சிருச்சு, கொஞ்சம் ஊத்தி விடுங்க” என்று புட்டியை நீட்டுவான். நான் பார்மலின் ஊற்றி, மூடியை இறுக்கிக் கொடுப்பேன். உண்மையைச் சொல்ல எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. சொன்னால், ‘சரி, அப்ப கன்னுக்குட்டி மச்சம்’ என்று அதையும் கும்பிட ஆரம்பித்துவிடுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவனை ஏமாற்றிக்கொண்டே அவனைக் கேவலமாக நினைத்த நான் மட்டும் என்ன யோக்கியன் என்று சில நாள் தோன்றும். ஆனாலும் அவனை மதிக்க ஒரு காரணம் கடைசிவரை கிடைக்கவில்லை.

எண்பத்தைந்து ஆடியில் சீனியம்மாள் ஆட்டுக்குட்டிகளுக்குப் பூச்சி மருந்து வாங்க வந்தார். ராணி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“போன வாரம் செத்துப்போச்சு சார். நோயில்ல, நொடியில்ல. வயசாயிருச்சுல்ல? காலையில கஞ்சி குடிச்சுச்சு, கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துச்சு. அம்புட்டுத்தான்.”

“அவருக்குச் சொல்லிவிட்டீங்களா?”

“ஆளு அனுப்புனேன். பாட்டிலு பத்திரமா இருக்கு, பயப்பட வேணாம்னு சொல்லச் சொன்னாராம்.”

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணை ஒருமுறை ஒற்றிக்கொண்டார். அழுகை அவனுக்காக இல்லை என்பது நிச்சயம். பிறகு, “மூணு மாசக் குட்டிக்கு எத்தனை மில்லி சார் ஊத்தணும்?” என்று கேட்டார். சொன்னேன். திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, மருந்துப் புட்டியைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.