ஃபைலுக்கு ஆகாது

டெக்சாஸின் ஃபிரிஸ்கோ நகரில் சாந்தாமணியைத் தெரியாத தமிழர்கள் குறைவு. பெரிய மனுஷி என்பதால் அல்ல. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் கூப்பிடாமலேயே போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுகிற ஆள். பெருந்துறைப் பக்கத்துக்காரி, கெமிஸ்ட்ரி படித்தவள். கணவன் நஞ்சுண்டனின் விசாவில் ஒட்டிக்கொண்டு, நாலு வயது மகள் யாமினியை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே வந்து இறங்கினாள். இப்போது ஓர் ஆரம்பப் பள்ளி கேன்டீனில் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு நீட்டுகிறாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஊரில், சில்லறை தராத கண்டக்டரோடு சண்டை போட்டு பஸ்ஸையே நிறுத்திவைத்தவள். அமெரிக்கா வந்ததும் அந்த வாய்க்கு ஃபைல் வந்து பூட்டுப் போட்டுவிட்டது.

ஃபைல் என்றால் கிரீன் கார்டு விண்ணப்பம். அந்த வீட்டில் அதற்கு அதுதான் பேர். யாமினிக்குப் பால்பல் விழுவதற்கு முன்னால் போட்டது, அவள் காலேஜுக்குக் கார் ஓட்டிப் போகிற வயதிலும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அடுத்த வருஷம் அவளுக்கு இருபத்தொன்று. அதற்குள் கார்டு வராவிட்டால் அப்பாவின் விசாவில் அவளுக்கு இடமில்லை. வேறு விசா கிடைக்காவிட்டால் வளர்ந்த ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதுதான். அதனால் அங்கே எதைச் செய்தாலும் ஃபைலுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்த்துத்தான் செய்வார்கள். பக்கத்து வீட்டுக்காரன் நாய் ரோஜாச் செடியைத் தோண்டினாலும் கேட்கக்கூடாது, ஃபைலுக்கு ஆகாது. பின்னால் வந்தவன் காரை இடித்தாலும் போலீஸ் வேண்டாம், ஃபைலுக்கு ஆகாது.

அடிபட்டவர் புகார் கொடுத்தால் கிரீன் கார்டு நின்றுவிடும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? எதிலும் இல்லை. சொன்னவர் அதே ஊரில் ரொம்ப வருஷமாக இருக்கிற குமாரசாமி அங்கிள். அவர் ஒன்றும் வக்கீல் இல்லை, ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறவர். ஆனால் அவருக்குக் கார்டு கிடைத்துவிட்டது. கார்டு கிடைத்தவர் வாயிலிருந்து வந்தால் போதும், நம் ஆட்களுக்கு அது வேதவாக்கு.

கொஞ்ச காலமாகவே ஊரில் பேச்சு சரியில்லை. இந்தியர்கள் வந்து ஊரையே பிடித்துக்கொண்டார்கள் என்று ஆன்லைனில் எவனெவனோ கத்திக்கொண்டிருந்தான். அதெல்லாம் போனுக்குள் நடக்கிற சங்கதி என்றுதான் சாந்தாமணி நினைத்திருந்தாள். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமைக் காலை, சேலைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ மாட்டிக்கொண்டு, அக்கா வசந்தாமணியோடு போனில் ஊர்க்கதை பேசியபடி வழக்கம்போல வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். பின்னால் வந்த பிக்கப் டிரக் ஒன்று மெதுவானது. உன் நாட்டுக்குப் போடி என்று ஒரு கத்தல், கூடவே எழுதக் கூசுகிற ஒரு வார்த்தை. அவள் திரும்புவதற்குள் ஐஸ் நிறைந்த பெரிய கோலா கப் கழுத்தில் வந்து மோதி உடைந்தது.

சாந்தாமணி என்ன சொன்னாள் தெரியுமா? "சாரி" என்றாள். கேன்டீனில் நாளெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அதுவாகச் சொல்லிவிட்டது. அடித்தவன் அவன், மன்னிப்புக் கேட்டவள் இவள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல? டிரக்குக்குள் சிரித்தார்கள், போய்விட்டார்கள்.

"ஏம்புள்ள, என்ன சத்தம் அங்க?" என்று போனில் கேட்டாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. யாரோ வழி கேட்டாங்க."

வீட்டுக்கு வந்து சேலையை மெஷினில் போட்டாள். தோசை ஊற்றினாள். கழுத்தில் சிவந்திருந்ததை நஞ்சுண்டன்தான் பார்த்தான். நடந்ததை அவனிடம், இன்றைக்கு மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். சாரி சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவன் கோழை இல்லை. சாப்பிட்ட கையோடு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போய், அந்த டிரக்கைத் தேடித் தெருத் தெருவாகச் சுற்றினான். டிரக் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் ஃபைல் என்ன ஆகியிருக்கும் என்ற பயத்தில், திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"நம்பர் பாத்தயா?"

"இல்லீங்க."

"பாத்திருந்தாலும் என்ன பண்றது? கம்முனு இருந்துக்கலாம் சாந்தா. புள்ளைக்கு இன்னும் ஒரு வருசந்தான். அவளுக்கும் சொல்லாத."

குமாரசாமி அங்கிளைக் கேட்டதற்கு அவரும் அதையேதான் சொன்னார். "போலீஸ் கேஸ்னு போனா ரெக்கார்ட்ல பேர் ஏறிடும். கொஞ்ச நாளைக்கு வாக்கிங் அவாய்ட் பண்ணச் சொல்லுங்க. போனாலும் சேலை கட்ட வேணாம். தமிழ்ல சத்தமா போன் பேச வேணாம்." எறிந்தவனுக்கு ஒரு வார்த்தை இல்லை. அடிபட்டவளுக்குத்தான் ஆயிரம் புத்தி.

சாந்தாமணி நடக்கப் போவதை நிறுத்தினாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. கோபமாவது வருமா என்று பார்த்தாள், அதுவும் இல்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி உடம்பு முழுக்க இருந்தது. சாம்பாரில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று நாக்குக்குத் தெரியவில்லை. தோசைக்கல்லில் விரல் பட்டதைக் கொப்புளம் வந்த பிறகுதான் பார்த்தாள். கேன்டீனில் ஒரு குழந்தை அவள்மேல் பாலைக் கொட்டிவிட்டு மிரண்டுபோய் நின்றது. அவள் அந்தப் பால் சட்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கத்திலிருந்தவள்தான் துடைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். "அம்மா, வொய் டிட் யூ ஸ்டாப் வாக்கிங்?" என்று யாமினி கேட்டாள். நஞ்சுண்டன் கண்ணைக் காட்டினான். சாந்தாமணிக்கு மறைக்கக்கூடத் தெம்பில்லை. கீரையைப் பரிமாறிக்கொண்டே டிரக், கப், கத்தல், தான் சாரி சொன்னது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு பயந்தாள். கடையில் பிளாஸ்டிக் பை வாங்கி வந்தாலே வீட்டில் யுத்தம் நடத்துகிற பெண், இதற்கு என்ன ஆட்டம் ஆடப்போகிறாளோ?

யாமினி ஆடவில்லை. "ஓ. ஆர் யூ ஓக்கே, அம்மா?" என்றாள். ஒரு வாய்ச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள்.

"என்ன அம்மிணி, இத்தனை சாதாரணமாக் கேக்கற?"

"இட் ஹேப்பன்ஸ், அம்மா."

"உனக்குமா நடந்துச்சு?"

"ஸ்கூல்ல. காலேஜ்லகூட. இட்ஸ் ஃபைன்."

"எங்ககிட்ட ஏன் கண்ணு சொல்லல?"

யாமினி அப்பாவைப் பார்த்தாள், பிறகு தட்டைப் பார்த்தாள். "சொன்னா நீங்க ஸ்கூலுக்கு வருவீங்க. ஃபைட் ஆகும். ஃபைலுக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

நஞ்சுண்டனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பிள்ளைக்காக ஃபைலைக் காப்பாற்றுகிறோம் என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளையோ இத்தனை வருஷமாக வாயைப் பொத்திக்கொண்டு இவர்களுக்காக ஃபைலைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

"என்ன சொன்னாங்க கண்ணு? யாரு?"

"விச் டைம், அம்மா?"

சாந்தாமணி எழுந்து போய்க் கை கழுவினாள். இத்தனை நாளில் முதல்முறையாக எதையோ உணர்ந்தாள், அது தாங்கக்கூடியதாக இல்லை. போனை எடுத்து வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். போலீஸ் நம்பரைத் தேடி எடுத்தாள்.

"சாந்தா..." என்றான் நஞ்சுண்டன்.

"போனாப் போகட்டுமுங்க."

அவள் நம்பரை அழுத்தினாள். எதிர்முனையில் ஒரு பெண் எடுத்தாள். சாந்தாமணி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், தங்கள்மேல் வெறுப்பால் தாக்குதல் நடந்திருக்கிறது, புகார் கொடுக்க வேண்டும் என்றாள். எப்போது நடந்தது, மேடம் என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஏப்ரலில் என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தாள்.

"உனக்கு மொதல்ல நடந்தது எப்ப கண்ணு?"

"அம்மா, அதெல்லாம் ரொம்ப ஓல்ட். தே வோன்ட் டூ எனிதிங்."

"அவங்க பண்ணினாப் பண்றாங்க, பண்ணாட்டிப் போறாங்க. நான் கேக்கோணும். சொல்லு."

மேடம், லைனில் இருக்கிறீர்களா என்று போன் கேட்டது. யாமினி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அப்பப் பதினொரு வயசு, அம்மா" என்று தமிழில் ஆரம்பித்தாள்.