கன்னத்தில் ஒதுங்கிய நான்கு புளியங்கொட்டைகள்

1912 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே கால் மணி. விடியலில் அடித்த மழை ஓய்ந்து, சிராங்கூன் சாலையில் புழுக்கம் கிளம்பியிருந்தது. எனக்கு வயது எட்டு. சங்கக் கூட்டம் நடந்த கடைவீட்டு மாடிக்குப் பத்தொன்பது படிகள். எண்ணிக்கொண்டுதான் ஏறினேன். எண்ணாமல் எந்தப் படியும் ஏறியதில்லை.

அது ஈமச் சங்கம். உறுப்பினர் யார் இறந்தாலும் மற்றவர்கள் வந்து பாடை தூக்க வேண்டும். பதினோரு வருடமாக என் தாய்மாமாதான் தலைவர். மாட்டுக்கொட்டகை ஆட்களும் உறுப்பினர்கள்தான். ஆனால் அவர்களில் ஒருவர் இறந்தால் மட்டும் தோள் கொடுக்க ஆள் கிடைக்காது. அதனால் அந்த வருடம் கொட்டகைப் பால்காரர் ஒருவர் மாமாவை எதிர்த்து நின்றார்.

பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே ஆளுக்கு ஒரு மொச்சையும் ஒரு புளியங்கொட்டையும் கொடுப்பார்கள். மொச்சை மாமாவுக்கு, புளியங்கொட்டை பால்காரருக்கு. வேண்டியதைத் திரைக்குப் பின்னாலிருக்கும் செம்புக் குடத்திலும், வேண்டாததைப் பக்கத்து மண்பானையிலும் போட வேண்டும். குடத்தை எண்ணுவது எப்போதும் ஒரு குழந்தை. குழந்தைக்குக் கட்சி கிடையாது என்பது சங்கத்தின் நம்பிக்கை.

எனக்குக் கட்சி இருந்தது. அன்று காலை மாமா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, "தோத்துட்டா எந்த முகத்தோட தெருவுல நடப்பேன்?" என்று அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்திருந்தது.

திரைக்குப் பின்னால் தனியாகக் குடத்தைக் கவிழ்த்தேன். மொச்சை பத்தொன்பது, புளியங்கொட்டை இருபத்திரண்டு. மறுபடி எண்ணினேன். பிறகு நான்கு புளியங்கொட்டைகளைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மிச்சத்தைத் தட்டில் ஏந்தி வந்தேன்.

"நாப்பத்தோரு பேர் போட்டோம். தட்டுல முப்பத்தேழுதான் இருக்கு" என்றார் பால்காரர். "அந்தப் பானையையும் எண்ணிப் பாத்துடலாமே."

மாமா எழுந்துவிட்டார். "மாட்டுக்குக் கொம்பு எண்ணுற ஆளு, பிள்ள எண்ணுனதத் திருத்த வர்றீரா? பச்சப்பிள்ளையத் திருடங்குறீரா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். பால்காரர் என்னைப் பார்த்தார். புடைத்திருந்த கன்னத்தைப் பார்த்தார். மற்றவர்கள் பார்ப்பதற்குள் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, "வேணாங்க தலைவரே. பிள்ள எண்ணுனா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

படியிறங்கும்போது என் பக்கம் குனிந்தார். "துப்பிடு தம்பி. தொண்டையில சிக்கிக்கப் போவுது."

துப்பினேன். காட்டிக்கொடுக்கத் தைரியமில்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் புளி கரைக்கும்போது கொட்டை விரலில் பட்டால் கை கூசுகிறது.

அடுத்த கூட்டத்துக்குக் கொட்டகையிலிருந்து ஒருவரும் வரவில்லை. பாயில் காலை நீட்டி உட்கார இடம் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம். அதன்பிறகு மாமாவை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. எண்ணும் வேலையும் இல்லாமல் போயிற்று. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பதினான்கு வருடம் கழித்து மாமா தலைவராகவே இறந்தார். பிள்ளையில்லாதவருக்குக் கொள்ளிச்சட்டி நான் ஏந்தினேன். சங்கத்தில் மீதமிருந்தவர்கள் ஆறு பேர். தோள் கொடுக்கும் வயதில் ஒருவருமில்லை. பக்கத்துத் தெருவான ஜாலான் புசாரில் நின்ற கூலிகளில் நான்கு பேரைப் பிடித்து வந்தேன். ஆளுக்குக் கூலி முக்கால் வெள்ளி. மொத்தம் மூன்று வெள்ளி.