அம்சவேணி மன்னிக்காத கோல்

என் மனைவி அம்சவேணி எதையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் நம்பமாட்டாள். ரங்கூன் ஓரத்து லைங் தாயாவில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவள் தரம் பார்க்கிறவள். காலையில் எங்கள் பேட்டையான லான்மடாவ் முனையில் கம்பெனி வண்டி ஏறினால் சாயங்காலம் இறங்கும்வரை ஒரே வேலைதான். சட்டையைத் திருப்ப வேண்டும், தையலை இழுக்க வேண்டும், குறை கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபிறகும் கை சும்மா இருக்காது. தாமதமாக வந்ததற்கு நான் காரணம் சொன்னால் அதையும் இழுத்துப் பார்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து என் காரணம் ஒன்றுகூடத் தேறியதில்லை.

பந்தாட்டப் பைத்தியம் அவளைப் பிடித்ததும் அந்தத் தொழிற்சாலையில்தான். ஒரு வருஷம் விளையாட்டுச் சட்டைகளாகவே வந்து குவிந்தன. அவற்றின் நடுவே கோல்கீப்பர் சட்டை மட்டும் கொஞ்சமாக வரும். நிறமும் வேறு, முழங்கைக்குள் பஞ்சுப்பட்டையும் இருக்கும். "இந்த ஒருத்தனுக்கு மட்டும் ஏன் தனிச் சட்டை?" என்று என்னிடம் கேட்டாள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மத்தவன் தப்பு பண்ணா பின்னாடி ஒருத்தன் இருக்கான். இவன் தப்பு பண்ணா யாரும் இல்ல. இவனும் நம்ம வேலைதான் பார்க்குறான்," என்றாள். அன்றோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

எங்கள் தெருப் பையன்களின் அணிக்கு வளர்பிறை என்று பெயர். ரங்கூனிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற தமிழ் அணிகள் வருஷாவருஷம் மோதிக்கொள்ளும் பொங்கல் கோப்பையை வளர்பிறை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. இருந்தாலும் ஞாயிறு காலையில் தெருமுனை டீக்கடையின் குட்டை முக்காலியில் உட்கார்ந்து அம்சவேணி தீர்ப்பு சொல்லாமல் அணி இறங்காது. கடையில் எல்லோருக்கும் அவள் 'கியூசி அக்கா'; தரம் பார்க்கிற வேலைக்குத் தொழிற்சாலையில் கியூசி என்று பெயர்.

"தனசேகரன் உயரம் சரி, கை சரி," என்பாள். "இடது பக்கம் கீழ வர்ற பந்துதான் அவனுக்கு ஆகாது. முட்டி மடங்குறதுக்கு யோசிக்குது. ஜோஸ் நல்லாத் துள்றான், ஆனா கார்னர் அடிச்சா கோட்டை விட்டு வெளிய வரமாட்டேங்குறான். வாசல்ல நாய் நிக்குதா அவனுக்கு? உதயசூரியனை விடுங்க. அவன் சட்டை போட்டு போட்டோ எடுக்க வர்றவன்."

இந்த மூன்று பேரும்தான் எங்கள் கோல்கீப்பர்கள். முதல் இடம் தனசேகரனுக்கு. அடுத்தவன் ஜோஸ். அணியில் மற்ற இடங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் அமலுக்கு வந்தபிறகு, போன மாதம் ஆடியவன் இந்த மாதம் வருவானா என்று சொல்லமுடியாது. தடுப்பாட்டக்காரன் ஒருவன் தாய்லாந்துக்கு நழுவிவிட்டான். இன்னொருவன் எங்கே என்று அவன் வீட்டிலேயே சொல்லவில்லை. டீக்கடையில் சத்தம் போட்டுக் கேட்கவும் முடியாது. சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர் தினமும் மூலை மேசையில் டீ குடிக்கிறார், யாரோடும் பேசுவதில்லை. அவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாததால்தான் பயம்.

தனசேகரன் மட்டும் போகமாட்டான் என்று தெருவே நம்பியது. அவன் அம்மா மஞ்சுளா கோயில் பக்கம் பூ கட்டி விற்கிறாள். அப்பா இல்லை, அவன் ஒரே பிள்ளை. அம்மாவை விட்டுவிட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்காதவன்.

ஆகவே அம்சவேணிக்குச் சந்தேகம் வந்தபோது அது வேறு திசையில் போனது. முதலில் அவன் சத்தம் குறைந்ததைக் கவனித்தாள். கோல்கீப்பர் என்றால் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருக்கவேண்டும். இவன் ஊமையாக நின்றான். அடுத்து, தன் கையுறையைக் கழற்றி ஜோஸ் கையில் மாட்டிப் பார்த்தான். அதற்கடுத்த வாரம் பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகு, கார்னர் பந்துக்கு எப்படி வெளியே வருவது என்று ஜோஸுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"தன் இடத்துக்குப் போட்டியா நிக்கிறவனுக்கு எவனாவது பாடம் எடுப்பானா?" என்று என்னைக் கேட்டாள்.

"நல்ல மனசு இருக்கலாம் இல்ல?"

"நல்ல மனசா? உங்களுக்கு எல்லாமே மேல் பக்கம்தான் தெரியும்."

அதற்குப் பிறகு, கோப்பையின் லீக் சுற்றில், வந்தது கியாக்தான் ஆட்டம். அந்த ஊர் அணியோடு அவர்கள் மைதானத்தில் ஆடவேண்டும். ஒரு வண்டி பிடித்துப் போனோம். எப்போதும் ஆட்டம் பார்க்க வராத மஞ்சுளா அன்று எங்களோடு ஏறினாள். ஆற்று நடுவில் இருக்கும் புத்தர் பகோடாவுக்குப் படகில் போய்க் கும்பிடவேண்டும் என்றாள். கும்பிட்டுவிட்டு வந்து, பச்சைக் குடையை விரித்து மைதானத்தின் ஓரத்தில் நின்றாள். ஆட்டத்துக்கு முன்னால் தொப்பி போட்ட உள்ளூர்க்காரன் ஒருவன் தனசேகரனைத் தனியே கூப்பிட்டுப் பேசியதையும் அம்சவேணி பார்த்துவிட்டாள். அவள் கண்ணுக்குத் தப்பியது என்று உலகத்தில் எதுவும் இல்லை.

ஒன்றுக்கு ஒன்று என்று சமமாகப் போய்க்கொண்டிருந்தது. முடியக் கொஞ்சநேரம் இருக்கும்போது அவர்களுடைய ஆள் தூரத்திலிருந்து ஒரு பந்தைத் தரையோடு உருட்டிவிட்டான். அதை அடித்தது என்றுகூடச் சொல்லமுடியாது. தனசேகரன் நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை. இடது பக்கம், கீழே. பந்து அவனைக் கடந்து மெல்லப் போய் வலையில் உட்கார்ந்தது.

"வித்துட்டான்!" என்று அம்சவேணி எழுந்தே விட்டாள்.

மறுவாரம் டீக்கடையில் வழக்கு முடிந்துவிட்டது. ஊமையாக நின்றது, கையுறை, ஜோஸுக்கு எடுத்த பாடம், தொப்பிக்காரன், உருட்டிவிட்ட பந்து என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். தனசேகரன் கியாக்தான் அணிக்கு மாறப்போகிறான், அதற்கு முன்பணமாக ஒரு கோலும் கொடுத்திருக்கிறான் என்பது அவள் தீர்ப்பு. அன்று மகன் போகப்போகிற ஊரைப் பார்க்கத்தான் மஞ்சுளாவும் வந்தாளாம். பாதிப் பேர் நம்பினார்கள். நானும் முக்கால்வாசி நம்பினேன்.

ஆனால் ஆள் இல்லாமல் தீர்ப்பு சொல்லி என்ன பயன்? அந்த ஆட்டத்தில் தோற்றும் புள்ளிக் கணக்கில் நுழைந்துவிட்ட அரையிறுதிக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது, மாலை கம்பெனி வண்டியிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, "வாங்க, அவன் மூஞ்சியைப் பார்த்துக் கேக்கணும்," என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். சாட்சிக்கு ஆள் வேண்டுமாம். மஞ்சுளா வீடு எங்கள் கட்டிடத்துக்கு இரண்டு கட்டிடம் தள்ளி, மேல் மாடி. மின்சாரம் இல்லை. கதவைத் தட்டாமல் தள்ளித் திறந்தாள் என் மனைவி.

மஞ்சுளா ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு ஜீன்ஸ் கால்சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சட்டென்று மடியில் போட்டு மூடினாள். தனசேகரன் சுவரோரமாக எழுந்து நின்றான். பெட்டி இல்லை, மூட்டை இல்லை, வீடு எப்போதும்போலத்தான் இருந்தது. எனக்கு எதுவும் புரியவில்லை.

அம்சவேணி நேராகப் போய் மஞ்சுளா மடியிலிருந்து அந்தக் கால்சட்டையை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். இடுப்புப் பட்டைக்கு உள்ளே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில், சின்னதாக ஒரு பை பாதி தைத்திருந்தது. கையால் தைத்த, கோணல்மாணலான தையல்.

அப்படி ஒரு பை உள்ளூர் ஆட்டத்துக்குப் போகிறவனுக்கு வேண்டியதில்லை. வழிப்பணத்தை ஒளித்துக்கொண்டு தூரம் போகிறவனுக்குத்தான் வேண்டும் என்று கடைசியில் எனக்கும் புரிந்தது. கியாக்தான் தொப்பிக்காரன் எந்த அணிக்கும் ஆள் பிடிக்கிறவன் இல்லை. எல்லை தாண்டி அனுப்பி வைக்கிறவன். மகன் உயிரை எவன் கையில் கொடுக்கிறோம் என்று பார்க்கத்தான் மஞ்சுளா அன்று வந்திருக்கிறாள்.

"அவன் வயசுப் பசங்களுக்கு என்னா நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா அக்கா," என்றாள் மஞ்சுளா. "நாளைக்கு விடிய. வெளிய தெரிஞ்சா இவன் பாதி வழிகூடப் போகமுடியாது."

தனசேகரன் என் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவிலேயே பெரிய வாய் அவளுடையது என்பது அவனுக்குத் தெரியும். இரண்டு வாரமாக அவன் பெயர் அந்த வாயில்தான் கிடந்து அடிபட்டது.

அம்சவேணி கால்சட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் தையலை இரண்டு விரலால் இழுத்தாள். பிரிந்து வந்தது.

"இது ஒருநாள் தாங்காது," என்றாள். "பிளேடு இருக்கா? ஊசியைக் குடு. ரெட்டை நூல் போடணும்."

தரையில் உட்கார்ந்து, முழுவதையும் பிரித்து, புதிதாகத் தைத்தாள். வெளிச்சம் குறையக் குறைய நான் என் போனின் டார்ச்சைப் பிடித்தேன். தைத்து முடித்ததும் தன் பலம் அத்தனையும் போட்டு இழுத்துப் பார்த்தாள். பிறகு அவனிடம் கொடுத்து, "போற இடத்துல இடது பக்கம் பார்த்துக்க," என்று மட்டும் சொன்னாள். மஞ்சுளா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யாபாதே அக்கா, யாபாதே," என்று பரவாயில்லை பரவாயில்லை எனப் பர்மியத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். யார் யாருக்கு ஆறுதல் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. படியிறங்கும்போது என் மனைவி அழுதாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்தது மிகக் குறைவு.

ஞாயிறு வந்தது. டீக்கடையில் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, தனசேகரன் எங்கே? சாம்பல் சட்டைக்காரர் அன்று மூலை மேசையை விட்டு எங்களுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். அவராகவே, முதல்தடவையாக, "உயரமான அந்தப் பையன் வரலையா?" என்று பர்மியத்தில் கேட்டார்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அம்சவேணி கோப்பையை மேசையில் அடித்து வைத்தாள்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே! கியாக்தான்காரன் தூக்கிட்டுப் போயிட்டான். அடுத்த வருஷக் கோப்பைக்கு இப்பவே ஒளிச்சு வச்சிருக்கான். நன்றி கெட்டவன்! தின்ன சோறு செரிக்குமா அவனுக்கு?"

வழக்கமாக அவள் தமிழில்தான் திட்டுவாள், தமிழில்தான் அவளுக்குத் திட்டு சரளமாக வரும். அன்று ஒரு வார்த்தை விடாமல் பர்மியத்தில் திட்டினாள். கடையே சிரித்தது. சாம்பல் சட்டைக்காரரும் சிரித்தார், டீயை முடித்துவிட்டு எழுந்து போனார். அவர் நிஜமாகவே பந்தாட்டம் பிடித்த யாரோ ஒருவராகவும் இருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

அரையிறுதியில் ஜோஸ் கார்னருக்குக் கோட்டைத் தாண்டி வெளியே வந்து பந்தைக் குத்தினான், ஜெயித்தோம். இறுதியாட்டத்தில் தோற்றோம். ஆனால் அம்சவேணி நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் தனசேகரனைத் திட்டினாள், திட்டு ஓய்ந்தால் யாராவது யோசிக்க ஆரம்பித்துவிடுவார்களோ என்ற பயம். கூடச் சேர்ந்து மற்றவர்களும் திட்டினார்கள். மஞ்சுளா பூக்கூடையோடு கடையைக் கடந்து போகும்போதுகூட விடவில்லை. "துரோகியைப் பெத்தவ," என்று ஒருவன் அவள் காதுபடவே சொன்னான். மஞ்சுளா தலையைக் குனிந்துகொண்டு போனாள். வீட்டுக்கு வந்து என் மனைவி சோற்றைத் தொடவில்லை. பையன் போய்ச் சேர்ந்தானா இல்லையா என்று மஞ்சுளாவுக்கே தெரியவில்லை. போன் வரவில்லை.

பிறகு ஒரு காலையில் அம்சவேணியின் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு வரி வந்தது. படம் இல்லை, பெயர் இல்லை. "கியூசி அக்கா, ஜோஸ் கார்னருக்கு வெளிய வர்றானா?"

நான் சந்தோஷத்தில் எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"யாரோ ஆழம் பார்க்குறாங்க. கியூசி அக்கான்னு தெருவே கூப்பிடுது. அவனா இருந்தா அம்மா போனை விட்டுட்டு எனக்கு ஏன் போடணும்?"

"அம்மா போனை யாராவது பார்ப்பாங்கன்னு பயந்திருப்பான்."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்." நெடுநேரம் யோசித்துவிட்டு, அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் இழுத்துப் பார்த்தாள். "கியாக்தான் ரெண்டாவது கோல் எப்படிப் போச்சு?" என்று மட்டும் அடித்து அனுப்பினாள். இரண்டு வாரம் தெருவே அலசிய கோல் அது. இடது பக்கம், கீழே, அசையவில்லை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அவளுக்கு அதற்குமேல் ஏதாவது வேண்டியிருந்தது.

பதில் வந்தது. "நான் பந்தைப் பார்க்கல அக்கா. அம்மா பச்சைக் குடை பிடிச்சு நின்னாங்க. அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அம்சவேணி அதை இரண்டு தடவை படித்தாள். என்னிடம் காட்டினாள். பிறகு வந்த இரண்டு வரிகளையும் தன் கேள்வியையும் அழித்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் கோயில் பக்கம் போனாள். நானும் பின்னால் ஓடினேன். மஞ்சுளாவைச் சுற்றிப் பூ வாங்க நாலு பேர் நின்றார்கள். டீக்கடைக்காரர்களும் இரண்டு பேர் இருந்தார்கள். கியூசி அக்கா வருவதைப் பார்த்ததும் சண்டை பார்க்க எல்லோரும் திரும்பினார்கள். மஞ்சுளா கட்டிக்கொண்டிருந்த பூவை மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"கியாக்தான்ல போன கோலுக்கு இத்தனை நாளா உன் மகனைத் திட்டினேன்," என்றாள் அம்சவேணி, எல்லோருக்கும் கேட்கும்படி. "தப்பு அவன் மேல இல்ல. உன் மேலதான். ஆட்டம் நடக்கும்போது அந்தப் பச்சைக் குடையை அங்க யாரு பிடிக்கச் சொன்னது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், பாவம் அந்தப் பொம்பளையை இன்னுமா விடமாட்டாய் என்றார்கள். மஞ்சுளா மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோல் போனது குடையால்தான் என்று அம்சவேணிக்கு யார் சொல்லியிருக்கமுடியும் என்பது அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, பூவுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.