முதுகில் குத்திய எழுத்து

எனக்கும் தைரியத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வழியில் பல்லி வந்தால் பல்லிக்கு வழிவிட்டு ஒதுங்குவேன். அப்படிப்பட்டவன் எட்டு வயதில் ஒரு மனிதரின் முதுகைப் பார்த்து மூன்று நாள் நடுங்கினேன் என்றால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த முதுகை அவர்கள் பார்த்ததில்லை.

கும்பகோணத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். சம்பா அறுவடை நேரம். தூற்றிய நெல்லைக் களத்தில் அம்பாரமாகக் குவித்ததும், சுண்ணாம்புத் தண்ணீரில் தோய்த்த மரக்கட்டையால் அதன்மேல் குறி குத்துவார்கள். கட்டையில் எங்கள் வீட்டு எழுத்து செதுக்கியிருக்கும். யாராவது ஒரு பிடி அள்ளினாலும் எழுத்து கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். குத்திய வீட்டுக்காரர் கைதான் அதைக் கலைக்கலாம். பண்ணையாள் கை பட்டால் புளிய விளார்தான் பேசும்.

அன்று உச்சிவேளை. எங்கள் பண்ணையாள் வீரையன் அம்பாரத்தின் ஓரமாக வைக்கோலில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பனும் பாட்டனும் எங்கள் பண்ணையில் பிறந்து எங்கள் பண்ணையிலேயே செத்தவர்கள். வீரையனுக்கு என் தாத்தா வயது. அப்போது நான் ‘வாடா’ என்றுதான் கூப்பிடுவேன். இந்த மரியாதையெல்லாம் நான் பிற்காலத்தில் கற்றுக்கொண்டது. அகலமான முதுகு. என் கையில் ஈரக் கட்டை. குரங்குக்குத் தோன்றுவது எனக்கும் தோன்றியது. குத்திவிட்டேன்.

களமே சிரித்தது. பண்ணையைக் கவனித்துவந்த சித்தப்பா தொப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விழித்த வீரையனுக்கு யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“போய்க் கழுவிட்டு வாடா” என்றார் சித்தப்பா.

“நான் எப்படிங்கய்யா கழுவறது? குத்துனவங்கதானே அழிக்கணும்? எங்க கை படக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க.”

“அது நெல்லுக்குடா!”

“எழுத்து ஒண்ணுதானுங்களே.”

சொல்லிவிட்டு வரப்பில் ஏறி நின்றுகொண்டார். குனிந்து அறுத்தால் வியர்வையில் எழுத்து அழிந்துவிடுமாம்.

சித்தப்பாவுக்குத் தர்மசங்கடம். அவர் கரைவேட்டிக்காரர், அவர் கட்சி ஆட்சிக்கு வந்த புதிது. ‘அவனவன் உடலுக்கும் உழைப்புக்கும் அவனவனே உடைமையாளன்’ என்று கடைத்தெருவில் மைக் பிடித்து முழங்கியிருந்தார். கைதட்டிய கூட்டத்தில் வீரையனும் இருந்தார். அக்கம்பக்கத்து வயல்களில் வேறு செங்கொடி நட்டுத் தகராறு நடந்துகொண்டிருந்தது. விளாரை எடுக்கவும் முடியவில்லை. அந்த முதுகைத் தன் கையால் தொட்டுத் துடைக்கவும் மனம் வரவில்லை.

மறுநாள் உச்சிவேளையில் ஜன்னல் வழியே பார்த்தேன். வரப்பில் முதுகு. எங்கள் வீட்டுக்கு நேராக. அடுப்படி ஜன்னலுக்கு ஓடினேன். அங்கிருந்து பார்த்தாலும் முதுகு. மாடிக்கு ஓடினேன்; முதுகு. ஒரு தரமாவது திரும்பி முறைத்திருந்தால் எனக்குப் பயம் தெளிந்திருக்கும். திரும்பவே இல்லை. அந்த வெள்ளை எழுத்து மட்டும் இமைக்காமல் என்னைப் பார்த்தது. காற்று இல்லை. அறுப்பவர்களின் பாட்டும் நின்றுபோயிருந்தது. அரிவாள் சத்தம் மட்டும், அதுவும் விட்டு விட்டு. வீரையன் குளிப்பதில்லை, குப்புறப் படுத்தே தூங்குகிறார் என்று செய்தி வந்தது. நான் கொல்லைப்பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். அதன் விளைவுகளை இங்கே விவரிக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் என் முதுகு அரிக்க ஆரம்பித்தது. கை எட்டாத இடத்தில், சரியாகக் கட்டை அகலத்துக்கு. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அம்மாவிடம் ஓடினேன்.

“எழுத்து இருக்காம்மா?”

“ஒண்ணும் இல்லடா. நெல்லுச் சுணை.”

“நல்லாப் பாரு. இல்லைன்னு சத்தமாச் சொல்லு.”

“இல்லை, இல்லை, இல்லை! போதுமாடா?”

போதவில்லை. கொடியில் கிடந்த ஒரு துண்டை உருவிக் கிணற்றடியில் நனைத்துக்கொண்டு வயலுக்கு ஓடினேன். வீரன் மாதிரி அல்ல. அழுதுகொண்டே ஓடினேன், பாதி வழியில் அரைஞாண் கயிறு அறுந்ததால் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

வீரையன் திரும்பிப் பார்க்காமலே உட்கார்ந்து முதுகைக் கொடுத்தார். தேய்த்தேன். முதுகு அடுப்புக் கல் மாதிரி சுட்டது.

“போயிடுச்சா சின்னய்யா?”

“போயிடுச்சு.”

“வேற எங்கயாவது இருக்கா, நல்லாப் பாருங்க.”

பார்த்தேன். கோடு கோடாகப் பழைய தழும்புகள் இருந்தன. எழுத்து இல்லை. “இல்ல” என்றேன்.

“எல்லாருக்கும் கேக்கறாப்புல சொல்லுங்க.”

எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. நானும் அதைத்தானே அம்மாவிடம் கேட்டேன்? தொண்டை கிழியக் கத்தினேன்: “வீரையன் மேல எங்க எழுத்து எங்கயும் இல்ல!”

அரிவாள்கள் நின்றன. வயலில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். வீரையன் எழுந்து திரும்பினார். கோபத்தை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. என்னை இதற்குமுன் பார்த்தே இராத ஒருவரின் முகமாக இருந்தது அது.

மறுநாள் அவர் எங்கள் களத்துக்கு வரவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வேறு யாருடைய வயலிலோ, நாட்கூலிக்கு அறுத்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த நாள் எங்கள் பண்ணையாட்களில் இன்னும் நாலு பேர் அங்கே நின்றார்கள். அன்றுதான் சித்தப்பா என்னைக் கூடத்துத் தூணோடு சேர்த்து ஓர் அறை விட்டார்.

நான் உருவிக்கொண்டு ஓடியது, அவர் மேடைக்குப் போட்டுக்கொண்டு போகும் கரைத்துண்டு. சுண்ணாம்பு பட்டுக் கரை வெளுத்துப்போயிருந்தது. அறை அதற்காகத்தான் விழுந்தது என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.