ஆளில்லாமல் ஓடிய மோட்டார்

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் சொர்ணவல்லியை ஏமாற்றியவன் இன்னும் பிறக்கவில்லை. உர மூட்டை வாங்கினால் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பாள். புருஷன் அடைக்கலம் குவைத்துக்குப் போனதிலிருந்து கடலைக்காட்டை ஒற்றை ஆளாகக் கட்டிக் காப்பவள் வேறு எப்படி இருப்பாள்?

அவளுடைய மோட்டார் கொட்டகையில்தான் போனில் இயங்கும் ஸ்டார்ட்டரை மாட்டச் சொன்னார் அடைக்கலம். பாம்பு பூச்சிக்குப் பயந்து இருட்டில் போக வேண்டாமாம், வீட்டிலிருந்தே தட்டலாமாம். தட்டினாள். "மோட்டார் ஓடுகிறது" என்றது போனில் ஒரு பெண்குரல். யாரோ எவளோ சொல்வதை எப்படி நம்புவது? காட்டுக்கே போய், குழாயில் தண்ணீர் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவளுக்குக் காப்பி இறங்கியது. ஊர் சிரித்தது. சிரிக்கட்டும்.

இந்தப் பட்டத்தில் களை வெட்டியதும் காட்டைக் காயப் போட்டாள். பூவெடுக்கும் வரை கடலைச் செடி கொஞ்சம் வாட வேண்டும். அதற்குள் தண்ணீர் காட்டினால் தழைதான் கொழுக்கும், காய் பிடிக்காது. குடும்பத்தின் வருஷச் சாப்பாடே அதில்தான் இருக்கிறது. அப்படிக் காய்ந்த காடு ஒருநாள் காலையில் ஈரமாகக் கிடந்தது. மறுநாளும் அதே கதை.

முதல் சந்தேகம் பக்கத்துக் காட்டுப் பெரியகருப்பன் மேல். அவர் போர்வெல்லில் தண்ணீர் வற்றியிருந்தது. கொட்டகையைத் திறந்து மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் திருடுகிறார், வழிந்ததுதான் இங்கே நிற்கிறது என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டு, புதுப் பூட்டு வாங்கிப் போட்டாள். பூட்டு பூட்டியபடி இருக்க, காடு நனைந்தது. சரி, மிஷினே திருட்டு மிஷின் என்று முடிவுகட்டி, விடியுமுன் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தாள். ஈ காக்கை இல்லை. கரண்ட் வந்த கொஞ்ச நேரத்தில் மோட்டார் தானாக உறுமியது. பாய்ந்துபோய் மெயினை இறக்கினாள்.

இறக்கிய கையோடு போன் அடித்தது. குவைத்திலிருந்து அடைக்கலம்.

"ஏன் சொர்ணம், மோட்டாரு நின்னுபோச்சு?"

"நீங்கதானா? என்னைய வேவு பாக்குறீங்களா?"

"வேலைக்கு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி இங்கேருந்தே போன்ல சித்த நேரம் போட்டுவிடுவேன். நம்ம காட்டுக்கு நானும் தண்ணி பாய்ச்சுன மாதிரி இருக்கும்."

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. காயப் போட்ட காட்டைக் கெடுத்தீங்களே என்று திட்டித் தீர்த்தாள். திட்டும்போதே, காயப் போட்டதை அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்று தனக்குத் தோன்றவே இல்லை என்பதும் உறைத்தது. அன்றைக்கே பெரியகருப்பனிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னாள். அவர் முகங்கொடுத்துப் பேசவில்லை.

பள்ளத்துப் பாத்திகளில் செடி கொழுத்துத்தான் போனது. மேட்டில் மஞ்சளாகப் பூ விட்டது. அன்று அவளே குவைத்துக்குப் பேசி, இப்போது போடுங்கள் என்றாள். மோட்டார் ஓடுவதாக போனில் வரும் அந்தப் பெண் தனக்குச் சொல்லிவிட்டாள் என்றார் அவர்.

"இருங்க" என்று குழாயடிக்குப் போய்த் தண்ணீரில் காலை வைத்தாள் சொர்ணவல்லி.

"வந்துருச்சு. இனிமே அவ சொல்றத நம்பாதீங்க. நான் பாத்துச் சொல்றேன்."