லாண்டரிக்காரர் கேட்ட ஒரே வரி

நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் லாண்டரி வைத்திருந்தாரே, அவரைப் போல மறதிக்காரர் அந்தத் தெருவிலேயே கிடையாது. வாடிக்கைக்காரருடைய சட்டையைத் தானே மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். ஆனால் கடையை எரித்தது சத்தியமாக அவரில்லை. பக்கத்து நாட்டு ராணுவம் பயிற்சிக்குச் சுட்ட பீரங்கிக் குண்டு குறி தப்பி, அவர் மதியம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது.

அதை மனைவி நம்பவேண்டுமே! பக்கத்து நாடு, "அது எங்கள் குண்டே இல்லை" என்று அடித்துச் சொல்லிவிட்டது. அந்த அம்மாளுக்கு அது போதாதா?

"வெடிச்சது டிரான்ஸ்ஃபார்மர். கடைய எரிச்சது நீங்க. இஸ்திரிப் பெட்டிய அணைக்காம வந்திருப்பீங்க."

ஐந்து வருஷம் இந்தப் பேச்சையும் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்கினார், பாவம்.

இரண்டு அரசாங்கங்களும் சர்வதேச நீதிமன்றப் படியேறி, களைத்துப்போய்ச் சமரசத்துக்கு வந்தன. வெளியுறவுத் துறை அதிகாரி காகிதத்தோடு வீட்டுக்கே வந்தார். புதுக் கடை, புது மெஷின், எரிந்த துணிக்கெல்லாம் ஈடு. கையெழுத்துப் போட்டால் போதும்.

'எந்தப் பொறுப்பையும் ஏற்காமல், நல்லெண்ண அடிப்படையில்' என்று தொடங்கியது காகிதம். மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? அவங்க மேல தப்பில்லையாம்!"

லாண்டரிக்காரர் பேனாவை மூடினார். "சார், கடையெல்லாம் வேணாம். 'நாங்கதான் சுட்டோம்'னு ஒரே வரி வாங்கிக் குடுங்க."

"ஐயா, அந்த ஒரு வரிக்குத்தான் ரெண்டு நாடும் இத்தனை வருஷமா மல்லுக்கு நிக்குது!"

"அவங்களுக்கென்ன, மல்லுக்கு நின்னுட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. நான் இந்த வீட்டுலதானே இருக்கணும்?"

அதிகாரி கெஞ்சினார், மிரட்டினார். மனிதர் கல்லுளிமங்கனாக உட்கார்ந்துவிட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் வழக்கு முடியாது. நாலு மாதம் சாப்பாட்டு மேசையிலேயே துணி தேய்த்துக் காலம் தள்ளினார். கடைசியில் பக்கத்து நாடு இறங்கி வந்தது. கோட்டுப் போட்ட தூதர் ஒருவர் கூடத்தில் நின்று படித்தார்:

"அந்தக் குண்டு எங்களுடையது. தவறு எங்கள் அரசினுடையது. வருந்துகிறோம்."

"கொஞ்சம் சத்தமா, சார். சமையல்கட்டுக்குக் கேக்கணும்."

தூதர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி படித்தார். லாண்டரிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"அப்ப நீ ஒண்ணும் சொல்ல வேணாமா?"

"ஒரு நாட்டுக்கே தப்ப ஒத்துக்க அஞ்சு வருஷம் ஆச்சு. நான் ஒத்தப் பொம்பளை, எனக்கொரு பத்து வருஷமாவது குடுங்க."