ஒன்பது அடி தூரத்தில் ஃபுல் ஹெச்டி

2009, ஆடித் தள்ளுபடி சமயத்து ஞாயிறு. தேதி குறிக்கத் தவறிவிட்டேன். அந்த வார டைரியில் விற்பனை எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஷோரூமில் டிவி பிரிவு என் பொறுப்பு. வாசலில் ஆட்டோ நின்றது. நான் பத்து நாள் முன்பு விற்ற டிவியைப் பெட்டியோடு இறக்கினார் கஸ்தூரி அக்கா.

“இன்னா சார், நல்லாக் கீறியா? இந்தா, உன் பொருள நீயே வச்சிக்கோ!”

அக்கா பெருங்களத்தூரில் மீன் விற்பவர். கூடவே பார்த்துப் பார்த்து இறங்கிய அவர் கணவர், கோவளம் பக்கம் படகு ஓட்டியவர். கண் மங்கியதால் விட்டுவிட்டார். மகன் இன்னும் கடலுக்குப் போகிறான். செய்திச் சேனலின் அடியில் ஓடும் எச்சரிக்கையைப் படித்து, மகனுக்குப் போன் செய்வது அப்பாவின் அன்றாட வேலை.

டிவி வாங்க வந்த அன்று அக்கா முதலில் கைகாட்டியது 37 இஞ்ச் ஹெச்டி ரெடியை. அதே விலையில் 32 இஞ்ச் ஃபுல் ஹெச்டி பக்கம் திருப்பியவன் நான்தான். “அதுல 768 கோடுதான்க்கா, இதுல 1080. கோடு கூடுனா படம் தெளிவா இருக்கும்.” டெமோ டிஸ்க்கில் கடலடி மீன்கள் நீந்தின. “யம்மா, செதில எண்லாம் போல கீது!” என்று வாங்கிவிட்டார்.

இப்போது கொதித்தார். “இந்த மன்சன் கட்டில்ல குந்திகினு, ‘இன்னாடி ஓடுது, புயலா, நகைக்கட வெளம்பரமா?’ன்றாரு. எனக்குப் படிக்கத் தெரியாது. புள்ள கடலுக்குப் போறான் சார்!”

மேனேஜர் என்னைத் தனியே அழைத்தார். “பெட்டி பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது. ஏதாவது செட்டிங் மாத்தி அனுப்பி வைங்க.”

மாற்றிப் பார்க்க ஷோரூமில் கேபிள் கனெக்‌ஷனே இல்லை. கேபிளில் படம் மங்கலாக வரும் என்பதால் எல்லா டிவிக்கும் டிஸ்க்தான் ஓட்டுவோம். பக்கத்து டீக்கடையில் கெஞ்சி ஒரு ஒயர் இழுத்தேன். பக்கவாட்டில் இழுபட்டிருந்த படத்தைச் சரிசெய்தேன். எழுத்து கொஞ்சம் ஒழுங்கானது, ஆனால் பொடியாகத்தான் இருந்தது. கேபிளில் வருவது அறுநூறு கோடுகூட இல்லை. 1080 வாங்கி என்ன பயன்?

“கட்டிலுக்கும் டிவிக்கும் எவ்ளோ தூரம்க்கா?”

“ஒம்போது அடி இருக்கும்.”

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அதே ஒயரை 37 இஞ்சில் சொருகினேன். டேப் பிடித்து ஒன்பது அடியில் நாற்காலி போட்டு, பெரியவரை உட்கார வைத்தேன்.

“எங்கிட்ட மீனு வாங்க வர்றவ செவுளத் தூக்கிப் பாக்காம வாங்க மாட்டா,” என்றார் அக்கா. “நான் உன் பேச்சக் கேட்டேன் பாரு!”

பெரியவர் முன்னால் குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். “தங்கம்... சவரனுக்கு...” அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வரி ஓடி வந்தது. “பலத்த காற்று... மீனவர்கள்... கடலுக்குச் செல்ல வேண்டாம்...” சட்டென எழுந்தார்.

“ஏய், போனக் குடு! பையன் கெளம்பிடப் போறான்.”

டிவி கைமாறுமா என்பதை அவர்கள் இருவரும் மறந்தே போனார்கள். மகன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். மூன்றாம் முறை எடுத்தான். “எங்கடா கீற? கரைலயா? எறங்காத. சொல்றேன்ல, எறங்காத!”

எனக்குப் பின்னால் மேனேஜர் நின்றிருந்தார். “தப்பு என்னுது சார். அந்த 32ஐ டிஸ்ப்ளேல வச்சிக்கலாம்,” என்றேன். அவர் எக்ஸ்சேஞ்ச் பில் போட்டார்.

அதன்பின் கஸ்டமரிடம் கோடுகளின் எண்ணிக்கையைச் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கப் பழகினேன்: எவ்வளவு தூரம், என்ன கனெக்‌ஷன், யார் பார்க்கப் போகிறார்கள். மூன்றாவதற்கு வரும் பதில்தான் பெரும்பாலும் டிவியை முடிவு செய்தது.